வீட்டின் நடுவில் இருந்த குரல்

ரமழான் மாதத்தின் இருபத்தொன்பதாம் நோன்பு திறந்த இரவில், கிழக்கிலங்கைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் முன்னொரு காலத்தில் ஒருவகைப் பரபரப்பான அமைதி குடிகொண்டிருக்கும். மருதமுனையாயினும் சரி, கல்முனைக்குடியாயினும் சரி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்றாயினும் சரி, அந்த இரவில் வீட்டார் அனைவரும் வானொலிப் பெட்டியைச் சுற்றியே இருப்பர். கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் பிறைக்குழு கூடியிருக்கும். நாட்டின் எப்பாகத்திலேனும் தலைப்பிறை தென்பட்டதா, விடிந்தால் பெருநாளா, அன்றி முப்பதாம் நோன்பா என்னும் தீர்மானம் அங்கிருந்து வானொலி வழியாக வந்து சேர்தல் வேண்டும். அடுப்படியில் பலகாரத்துக்கு மாப் பிசைந்துகொண்டிருந்த உம்மா, கையைக் கழுவாமலே வாசற்படியில் வந்து நிற்பாள். தையற்காரரிடம் கிடக்கும் புதுச் சட்டையை நினைத்துப் பிள்ளைகள் ஏங்குவர். மூத்தம்மா தஸ்பீஹ் மணியை உருட்டியபடியே, "சத்தம் போடாதீங்க புள்ளையள்" என்று அடிக்கொரு தரம் அதட்டுவாள். அறிவிப்பாளரின் குரல் எழுந்ததும் வீட்டிலுள்ள மூன்று தலைமுறையும் ஒரே கணத்தில் ஒரே செய்தியைக் கேட்கும். தெருவெங்கும் எழும் ஆரவாரமும் அதே கணத்திலேயே எழும்.

அந்த இரவு இன்று வேறு வகையாக வந்து சேர்கின்றது. கத்தாரிலோ சவூதியிலோ தொழில் செய்யும் வாப்பா, அவ்விடத்துப் பெருநாள் வாழ்த்தை முதல் நாளே அனுப்பிவிடுகின்றார். உள்நாட்டுப் பிறைச் செய்தி மகனுக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவிலிருந்தும், மகளுக்கு வேறொரு குழுவிலிருந்தும், மருமகனுக்கு முகநூலிலிருந்தும் வருகின்றது. சில வேளைகளில் பிறை தென்பட்டதென்று ஒன்றும், தென்படவில்லையென்று மற்றொன்றும் வருவதுண்டு. ஒரே கூரையின் கீழிருப்போர் ஒரே செய்தியை ஐந்து வேளைகளில் ஐந்து வாய்களிலிருந்து பெறுகின்றனர்.

இவ்விரு இரவுகளுக்கும் இடையே கழிந்த காலம் ஒரு மனிதனின் ஆயுட்காலத்தைவிட நீண்டதன்று. ஒரே வீட்டில் இன்று வாழும் மூவரில், மூத்தம்மா வானொலியோடு வளர்ந்தவள். உம்மா தொலைக்காட்சியோடு வளர்ந்தவள். பிள்ளை கையடக்கத் தொலைபேசியோடு வளர்கின்றது. இக்கருவிகள் இம்மூவரையும் எவ்வாறு உருவாக்கின என்று ஆராயப் புகுவோர், பெரும்பாலும் கருவிக்குள்ளே தோன்றுவதைப் பற்றியே பேசுகின்றனர். நல்ல பாட்டா, தீய படமா என்பதே வழக்கமான வாதம். பிள்ளை அதனைக் கேட்டபோதும் பார்த்தபோதும் பக்கத்தில் யார் இருந்தார் என்னும் கேள்வி அத்துணை எழுப்பப்படுவதில்லை. கல்முனைக் கரையின் அனுபவத்தை உற்று நோக்கின், இந்த இரண்டாவது கேள்வியே கனமானதாகத் தோன்றும்.

இதனை விளங்கிக்கொள்ள இக்கரையின் வீட்டமைப்பை முதலில் அறிதல் வேண்டும். கல்முனை 1961ஆம் ஆண்டு வரை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டிலேயே அம்பாறை தனி மாவட்டமாயிற்று. கிழக்கே கடல், மேற்கே வயல் வட்டைகள், நடுவே நெடுஞ்சாலையை ஒட்டி நெருங்கிய ஊர்கள். முஸ்லிம் ஊர்களுக்கிடையே பாண்டிருப்பு, காரைதீவு போன்ற தமிழ் ஊர்களும் மணிமாலையில் மாறி மாறிக் கோத்த மணிகள்போல் அமைந்துள்ளன. இப்பிரதேசத்தில் மணம் முடிந்தபின் மாப்பிள்ளை பெண்வீடு புகுவதே வழமை. வீடும் வளவும் பெண்மக்களின் பேரில் சீதனமாக எழுதப்படும். 1969ஆம் ஆண்டு முதல் அக்கரைப்பற்றில் ஆராய்ச்சி நடத்திய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, தாய்வழியாக வரும் குடிமுறையையும் இவ்வழமையையும் விரித்து எழுதியுள்ளார். முஸ்லிம்களுக்கும் தமிழருக்கும் இது பொதுவான வழமை என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

இதன் விளைவு யாது? மூத்தம்மாவும், அவள் மகளும், மகளின் மகளும் ஒரே வளவில் அல்லது வேலிக்கு வேலி வாழ்கின்றனர். மணமாகிப் பிறவூர் செல்லும் பெண் தன் தாயின் வீட்டுக் குரல்களை இழக்கின்றாள். இக்கரைப் பெண் இழப்பதில்லை. ஆதலால் ஒரு வீட்டுக்குள் நுழைந்த ஒலிக்கருவி எதுவாயினும், அது மூன்று தலைமுறைப் பெண்களின் நடுவிலேயே வைக்கப்பட்டது. வேறிடங்களில் தலைமுறைகளுக்கிடையே ஏற்படும் மாற்றத்தைப் பல வீடுகளில் தேடித் திரட்ட வேண்டியிருக்கும். இங்கு அதனை ஒரே திண்ணையில் காணலாம்.

இலங்கையில் ஒழுங்கான வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பரில் கொழும்பில் ஆரம்பமாயிற்று. 1949இல் அந்நிலையம் ரேடியோ சிலோன் என்னும் பெயர் பெற்றது. 1950இல் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியது. 1967இல் நிலையம் கூட்டுத்தாபனமாக மாற்றப்பட்டது. ஆயினும் கல்முனைப் பக்கத்துச் சாதாரண குடும்பத்துக்கு வானொலி உரிமையானது டிரான்சிஸ்டர் வந்த பின்னரே. 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்த அச்சிறு பொருள், 1954இல் சட்டைப்பையில் அடங்கும் வானொலியாயிற்று. அதன்பின் சில ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. மின்சாரமில்லாத வீட்டிலும் அது பாடியது. வெள்ளாமைக் காலத்தில் வட்டை வாடியிலும், மருதமுனைக் கைத்தறியின் பக்கத்திலும், கரைவலைத் தோணியடியிலும் அது தொங்கியது.

வானொலியோடு வளர்ந்த பிள்ளைக்குத் தேர்வு என்பது இல்லை. பெட்டியின் திருகு வாப்பாவின் கையில் இருந்தது. அவர் வயலுக்குப் போன பின் உம்மாவின் கைக்கு மாறியது. செய்தி, பொங்கும் பூம்புனல், நாடகம், முஸ்லிம் நிகழ்ச்சி, மரண அறிவித்தல் என வந்தவை யாவும் பெரியோருக்கும் சிறியோருக்கும் ஒருங்கே வந்தன. விளங்காத சொல் வந்தால் பக்கத்தில் விளக்குவார் இருந்தனர். பெரியவர்கள் எதற்குச் சிரித்தனர், எதற்கு முகம் சுளித்தனர், எச்செய்தியில் பெருமூச்செறிந்தனர் என்பதெல்லாம் பிள்ளைக்குச் செய்தியோடு சேர்ந்தே கிடைத்தது. வானொலி கற்பித்ததில் பாதிக்கு மேல் வானொலியின் பக்கத்தில் இருந்தோர் கற்பித்ததே எனலாம்.

மொழியிலும் அதன் கை பட்டது. எஸ். பி. மயில்வாகனம், பி. எச். அப்துல் ஹமீத், கே. எஸ். ராஜா, இராஜேஸ்வரி சண்முகம் முதலியோரின் உச்சரிப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள், ஊர்ப்பேச்சுக்கு மேலாகப் பொதுத்தமிழ் ஒன்று உண்டு என்பதைச் செவியால் அறிந்தனர். 'ஒலிபரப்பு' என்பதற்கும் பின்னர் வந்த 'ஒளிபரப்பு' என்பதற்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒரே ஓர் எழுத்துத்தான். அவ்விரண்டையும் நாவால் பிரித்துச் சொல்ல வல்லவர்கள் இலங்கைத் தமிழரிலும் முஸ்லிம்களிலும் பலர் இருப்பதற்கு அந்த அறிவிப்பாளர்கள் ஒரு காரணம்.

எனினும் அக்காலத்தைப் பொற்காலமென்று புகழ்ந்துவிடுதல் பொருந்தாது. குரல் கொழும்பிலிருந்து வந்தது. கொழும்பின் கணக்கிலேயே வந்தது. நோன்பு திறக்கும் பாங்கொலியையே எடுத்துக்கொள்ளலாம். கல்முனை கொழும்புக்குக் கிழக்கே ஏறக்குறைய இரண்டு பாகை தள்ளியுள்ளது. ஆகவே சூரியன் இங்கு எட்டு நிமிடமளவு முந்தியே மறைகின்றது. கொழும்பு வானொலியில் பாங்கு ஒலிக்கும்போது கல்முனைக்கரையார் உள்ளூர்ப் பள்ளிவாசல் பாங்கைக் கேட்டு நோன்பு திறந்து, பேரீச்சம்பழம் தின்று, கஞ்சியும் குடித்து முடித்திருப்பர். தலைநகரின் நேரம் தம் நேரமன்று என்பதை அவர்கள் ஆண்டுதோறும் முப்பது நாளும் உணர்ந்தனர்! போர்க்காலத்தில் இந்த வேறுபாடு நிமிடக் கணக்கில் நிற்கவில்லை. அரச வானொலி கூறாதனவற்றை அறிய, இரவு ஒன்பது மணிக்குப் பின் ஒலியைத் தாழ்த்திவைத்து இலண்டன் பி.பி.சி. தமிழோசையைக் கேட்பது கிழக்கில் வீட்டு வழக்கமாயிருந்தது. 1941இல் தொடங்கிய அவ்வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30இல் நின்றது. 1980களிலும் 1990களிலும் பிள்ளைப் பருவம் கழித்தோர், எந்தச் செய்தியையும் இரு வாயில்களில் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தைப் பெற்றது அந்த இரவுகளிலேயே.

எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்வது பெருகியது. சென்றவர் விடுமுறையில் வரும்போது கொண்டுவந்த பெட்டிகளுள் ஒலிநாடாப் பெட்டி முதலிடம் பெற்றது. நாகூர் ஈ. எம். ஹனிபாவின் பாடல்களும் தமிழகத்து மார்க்கச் சொற்பொழிவுகளும் அதன் வழியே வீட்டுக்குள் வந்தன. அவற்றைவிட முக்கியமானதொரு பயனும் அதற்கு உண்டு. எழுதப் படிக்கச் சரளமாக வராத மூத்தம்மா, ஒலிநாடாவின் முன் அமர்ந்து, குவைத்திலுள்ள மருமகனுக்குத் தன் குரலாலேயே கடிதம் அனுப்பினாள். பேச்சின் இடையே ஆடு கத்துவதும், குழந்தை அழுவதும், அண்டை வீட்டார் வந்து ஸலாம் சொல்வதும் அதில் பதிந்தன. அங்கிருந்து வரும் மறுமொழியை வீடு முழுவதும் கூடியிருந்து கேட்டது. கணவன் மனைவிக்கு மட்டும் சொல்ல விரும்பியதை எவ்விதம் சொன்னான் என்பது வேறு கதை. ஒலிநாடாக் கடிதத்துக்கு ஒட்டிய உறை என்பது கிடையாது.

தொலைக்காட்சி இந்நாட்டுக்கு 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சிச் சேவையாக வந்தது. 1982 பெப்ரவரியில் ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினி தொடங்கியது. நாட்டின் மிக உயர்ந்த பிதுருதலாகல மலையுச்சியில் அதன் அஞ்சற் கோபுரம் எழுந்தது. அந்தச் சிங்களப் பெயரே பலருடைய பேச்சுத் தமிழில் தொலைக்காட்சிக்குப் பொதுப்பெயராகவும் ஆகிவிட்டது. ஆரம்பத்தில் தெருவுக்கு ஒரு பெட்டிதான். அது இருக்கும் வீட்டின் விறாந்தையில் பிள்ளைகள் பாயிலும், பெரியோர் கதிரையிலும், வெட்கப்படும் பெண்கள் கதவு நிலையிலும் கூடினர். பார்ப்பது ஆகுமா ஆகாதா என்ற விவாதம் பள்ளிவாசல்களில் நடந்தது. வாங்கிய வீட்டார் சிலர் அதற்குத் துணியால் உறை தைத்துப் போர்த்தினர். நோன்பு மாதத்தில் அவ்வுறை முப்பது நாளும் கழற்றப்படாதிருந்த வீடுகளும் உண்டு.

வானொலி செவியை மட்டும் கேட்டது. கைக்கு வேலையை விட்டுவைத்தது. பாய் இழைப்பவள் இழைத்துக்கொண்டே கேட்கலாம். தொலைக்காட்சியோ கண்ணைக் கேட்டது. கண் போனால் கையும் நிற்கும். இம்மாற்றத்தைப் பிற நாடுகள் முன்னரே ஆராய்ந்திருந்தன. இங்கிலாந்தில் ஹில்டே ஹிமெல்வைட் என்னும் உளவியலாளரும் அவர்தம் துணைவரும் தொலைக்காட்சி உள்ள பிள்ளைகளையும் இல்லாத பிள்ளைகளையும் இணை இணையாக ஒப்பிட்டு, 1958இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டனர். தொலைக்காட்சி எல்லாவற்றையும் சமமாக விழுங்கவில்லை என்பது அவர்கள் கண்டது. தன்னைப் போன்ற வேலையைச் செய்த வானொலியையும் சித்திரக் கதைகளையும் திரைப்படத்தையுமே அது முதலில் தள்ளியது. புத்தக வாசிப்பு முதலிற் குறைந்து, பின்னர் பெரிதும் மீண்டது. புதிய கருவி எவ்விடத்தில் வந்து அமர்கின்றது, எதனை எழுப்பிவிட்டு அமர்கின்றது என்று பார்க்க வேண்டும் என்னும் அந்தப் படிப்பினை இன்றும் பயன்படுவது.

கல்முனைக் கரையில் தொலைக்காட்சி எழுப்பிவிட்டவற்றுள் ஒன்று மூத்தம்மாவின் கதை. இஷாத் தொழுகைக்கும் உறக்கத்துக்கும் இடைப்பட்ட நேரம் அவளுடையதாக இருந்தது. அந்நேரத்தில்தான் நபிமார் சரிதையும், ஜின் கதையும், நாட்டுக் கவியும் பேத்தியின் காதில் விழுந்தன. கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்களின் வாயில் வழங்கிய அக்கவிகளைப் புலவர்களும் ஆய்வாளர்களும் தொகுத்து அச்சேற்றியிருப்பது நற்பேறே. ஆனால் அச்சேறிய கவி வேறு. தலையைத் தடவிக்கொண்டே மூத்தம்மா சொன்ன கவி வேறு. 1993இல் சென்னையில் சன் தொலைக்காட்சி தொடங்கியது. பின்னர் செய்மதி அலைத்தட்டும் கேபிளும் இவ்வூர்களை எட்டின. 1998இல் இலங்கையிலேயே சக்தி தொலைக்காட்சி தமிழில் எழுந்தது. அதன்பின் அந்த இரவு நேரம் தொடர் நாடகங்களுக்கு உரியதாயிற்று. வேடிக்கை யாதெனின், மூத்தம்மாவே அத்தொடர்களின் முதல் இரசிகையானாள்! கதை சொன்னவள் கதை கேட்பவளானாள். பேத்தி அவள் பக்கத்தில் இருந்து பார்த்தாள். ஆயினும் இருவரும் ஒரே கதைக்கு அழுதனர், ஒரே மாமியாரைத் திட்டினர்.

ஒரு நன்மையையும் கூறுதல் நேர்மை. ரூபவாஹினியின் ஆரம்ப ஆண்டுகளில் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் சிங்களத்திலேயே இருந்தன. டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்தில் குரல் மாற்றி வழங்கிய கேலிச்சித்திரப் படங்கள் நாடெங்கும் பிள்ளைகளைக் கட்டிப்போட்டன. தெருவில் சிங்களம் கேளாத இக்கரையில், அன்றைய பிள்ளைகள் சிலருக்கு அம்மொழியின் முதற் சொற்கள் அப்பெட்டியிலிருந்தே கிடைத்தன. தமிழ் அலைவரிசைகள் பெருகிய பின் பிறந்த பிள்ளைக்கு அந்தத் தேவையும் இல்லாது போயிற்று, அந்த வாய்ப்பும் இல்லாது போயிற்று.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் அதிர்ந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் அலை கிழக்குக் கரையை அடைந்தது. இடைப்பட்ட அவ்வேளையில் இவ்வூர்களின் வீடுகளில் வானொலிகள் பாடிக்கொண்டிருந்தன, தொலைக்காட்சிகள் ஓடிக்கொண்டிருந்தன, பல வீடுகளில் தொலைபேசியும் இருந்தது. அவற்றுள் ஒன்றேனும் ஒரு சொல் சொல்லவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் மிகுந்த உயிரிழப்பு இம்மாவட்டத்திலேயே. மருதமுனை முதல் நிந்தவூர் வரை கடலோர வீதிகள் மணற்காடாயின. பேழைகளில் இருந்த நிழற்படங்களும் ஒலிநாடாக்களும் கடலோடு போயின. எத்தனையோ குடும்பங்களுக்கு, இறந்தவரின் குரல் பதிந்திருந்த ஒரே பொருள் அந்நாடாக்களே. மறு ஆண்டில் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. கரையில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராக் கடலில் மீண்டும் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது எச்சரிக்கை உரிய வேளையில் விடுக்கப்பட்டது. மக்கள் உள்நாட்டை நோக்கி விரைந்தனர். அலை வரவில்லை, எச்சரிக்கை வந்தது. அந்நாளை நினைவுகூரும் பெற்றோர் சிலர், பிள்ளையின் கையில் கைப்பேசி இருப்பதைப் பற்றிக் கடிந்துரைக்கத் தயங்குவதன் காரணம் பிறர்க்கு எளிதில் விளங்காது.

இனிக் கைப்பேசியை நோக்கலாம். 2006இல் மூன்றாந் தலைமுறை அலைவரிசை இலங்கைக்கு வந்தது. அடுத்த பத்தாண்டில் தொடுதிரைக் கைப்பேசி மீனவர் வாடி வரை சென்றது. வானொலி வீட்டின் நடுவில் இருந்தது. தொலைக்காட்சி விறாந்தைச் சுவரில் இருந்தது. கைப்பேசி உள்ளங்கையில் இருக்கின்றது. உள்ளங்கையில் இருப்பதை ஒருவரே காண முடியும். காதுக்குள் செருகிய காதொலிப்பானால் அதன் ஓசையும் பிறர்க்குக் கேளாது. ஒரே பாயில் அமர்ந்த மூவர் மூன்று உலகங்களில் இருக்கின்றனர். பேத்தி எதற்குச் சிரிக்கின்றாள் என்பது மூத்தம்மாவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எட்டிப் பார்த்தால், பேத்தி திரையைத் திருப்பிக்கொள்கின்றாள்.

குழந்தைப் பருவத்துக்கு இதனால் விளைவது யாது என்பதை அறிவியலார் சோதனை செய்து பார்த்துள்ளனர். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரீசியா குல் என்பவரும் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீனமொழி பேசுவோர் பன்னிரண்டு அமர்வுகளில் கதை சொல்லி விளையாடினர். அக்குழந்தைகள் அம்மொழிக்கே உரிய ஒலி வேறுபாட்டை இனங்கண்டுகொண்டன. அதே ஆட்கள் அதே சொற்களைச் சொன்ன காட்சியைத் திரையில் மட்டும் கண்ட குழந்தைகள் எதனையும் கற்கவில்லை. திரை கண்ணைக் கவரவில்லை என்பதன்று காரணம். குழந்தை கைநீட்டியபோது திரை பதிலுக்குக் கைநீட்டவில்லை. குழந்தையின் நோக்கைப் பின்பற்றி, அது பார்க்கும் பொருளின் பெயரைச் சொல்லும் மனிதரிடமிருந்தே மொழி ஒட்டிக்கொள்கின்றது. ஆகவேதான் உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாமென்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தை மிஞ்ச வேண்டாமென்றும் வழிகாட்டியது.

வளைகுடாவிலிருக்கும் வாப்பா இவ்விடத்தில் ஒரு கேள்வியாக எழுகின்றார். இக்கரையில் எத்தனையோ குழந்தைகளுக்கு வாப்பா என்பவர் நாள்தோறும் இரவில் திரையில் தோன்றும் ஒரு முகம். கைப்பேசி வேண்டாமென்று அக்குழந்தையின் உம்மாவிடம் எப்படிச் சொல்வது? இதற்கும் ஆய்வு ஒன்று உண்டு. 2014இல் சாரா ரோஸ்பெரி, கத்தி ஹெர்ஷ்பாசெக், ரொபர்ட்டா கோலிங்கோஃப் ஆகியோர், இரண்டு முதல் இரண்டரை வயதுக் குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்களை மூன்று வழிகளிற் கற்பித்தனர்: நேரில் பேசியும், காணொலி அழைப்பில் பேசியும், முன்கூட்டிப் பதிவு செய்த படத்தைக் காட்டியும். நேரிற் கேட்ட குழந்தைகளும் அழைப்பிற் கேட்ட குழந்தைகளும் கற்றன. பதிவுப் படம் பார்த்தவை கற்கவில்லை. திரை ஒன்றேதான், ஆனால் ஒன்றில் அந்தப் பக்கத்தில் இருப்பவர் குழந்தையின் பெயர் சொல்லி, அதன் விடைக்குக் காத்திருந்து, அதற்கேற்ப மறுமொழி கூறினார். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் 2016இல் ஒன்றரை வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையை விலக்கியபோது, காணொலி அழைப்பை மட்டும் அவ்விலக்கிலிருந்து நீக்கியது.

ஆகவே ரியாதிலிருந்து "மகள், இண்டைக்கு என்ன சாப்பிட்ட?" என்று கேட்டு, விடை வரும்வரை பொறுத்திருக்கும் வாப்பா குழந்தையை வளர்க்கவே செய்கின்றார். சோறூட்டும் வேளையில் அழாதிருப்பதற்காகக் கையில் கொடுக்கப்படும் யூடியூப் பாட்டு, அதே கண்ணாடியில் தோன்றினாலும் வேறு பொருள். அதிலும் உம்மா பக்கத்தில் அமர்ந்து, "இது என்ன? யானை! வாப்பா விலாங்காட்டுச் சாலையில காட்டினாரே" என்று பேச்சுக் கொடுத்தால், அந்தப் பாட்டும் பாதி மனிதப் பேச்சாகிவிடும். பக்கத்தில் இருப்பவரே கருவியின் குணத்தை மாற்றுகின்றார். ஒலிநாடாக் கடிதத்தை வீடு கூடிக் கேட்ட காலத்தில் இது தானாகவே நடந்தது. இப்போது யாரேனும் நினைத்துச் செய்தாலன்றி நடப்பதில்லை.

பெரிய பிள்ளைகளின் நிலை வேறு. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடம் வாட்ஸ்அப் வழியாக வரலாயிற்று. வீட்டிலிருந்த ஒற்றைக் கைப்பேசிக்கு மூன்று பிள்ளைகள் முறை வைத்தனர். தொழிலுக்குச் செல்லும் தகப்பன் அதனைக் கொண்டு சென்றால் பாடமும் அவரோடு சென்றது. பல வீடுகளில் பிள்ளைக்குத் தனிக் கைப்பேசி வந்தது அப்போதுதான். பாடசாலைகள் திறந்த பின்னர் அது திரும்பப் பெறப்படவில்லை.

அக்கருவி தனியாளின் கையில் இருக்கும்போது வதந்திக்கு என்ன வலிமை வருகின்றது என்பதை இம்மாவட்டம் அதற்கு முன்னரே கண்டிருந்தது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில், கறியில் கிடந்த மாக்கட்டி ஒன்றைக் கருத்தடை மாத்திரை என்று சிலர் குற்றஞ்சாட்டினர். சிங்களம் நன்கறியாத கடைக்காரர், சூழ்ந்து நின்று அதட்டியவர்களின் கேள்வி விளங்காமல், உடன்பட்டதுபோல் விடையிறுத்தார். அது கைப்பேசியிற் பதிவாகி நாடெங்கும் பரவியது. அன்றிரவே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவே என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் உறுதி செய்தது. உணவிற் கலந்து மலடாக்கும் அத்தகைய மருந்து எதுவும் உலகில் இல்லை என மருத்துவ அறிஞரும் விளக்கினர். ஆனால் விளக்கம் நடந்து வந்தது; காணொலி பறந்து போயிற்று. சில நாட்களில் கண்டி மாவட்டத்தில் மூண்ட வன்செயலுக்கும் இத்தகைய பதிவுகள் எண்ணெய் வார்த்தன. மார்ச் 7 முதல் ஒரு வாரமளவில் அரசாங்கம் சமூக வலைத்தளங்களைத் தடை செய்தது. அவ்வன்செயலில் தன் தளத்துக்கிருந்த பங்கிற்காக முகநூல் நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது.

வானொலிக் காலத்தில் பொய் பரவவில்லையா? பரவியது, அரச வானொலியே மறைத்ததும் உண்டு. ஆயினும் வானொலிப் பொய்யைத் தெருவே கேட்டது. மறுநாள் தேநீர்க் கடையில் அதனை மறுத்துரைக்கவும் தெருவே இருந்தது. கைப்பேசிப் பொய் ஆயிரம் தனி அறைகளில் ஆயிரம் பேரால் தனித்தனியே நம்பப்படுகின்றது. இரு வாயில்களில் கேட்டு ஒப்பிட்ட அந்தப் போர்க்காலப் பழக்கம், அக்காலத்தில் பிள்ளைகளாயிருந்த இன்றைய உம்மாமாரிடம் இன்னும் இருக்கின்றது. அதனை அவர்கள் தம் மக்களுக்குக் கைமாற்றுவதற்கு ஒரு நேரம் வேண்டும். இஷாவுக்கும் உறக்கத்துக்கும் இடைப்பட்ட அந்த நேரமே அது. இப்போது அது யாருடையது என்பதில்தான் வீட்டுக்கு வீடு இழுபறி நடக்கின்றது.

சில வீடுகளில் உம்மாமார் ஓர் உபாயம் செய்திருக்கின்றனர். இரவுச் சாப்பாட்டின்போது கைப்பேசிகள் யாவும் அலுமாரித் தட்டில் வைக்கப்படும். வெளிநாட்டு அழைப்பு வந்தால் மட்டும் ஒன்று எடுக்கப்பட்டு, சுவரில் சாய்த்து நிறுத்தப்பட்டு, வாப்பாவின் முகம் பாயின் நடுவில் எல்லோருக்கும் காணும்படி வைக்கப்படும். அவரும் அங்கே தம் சாப்பாட்டுத் தட்டோடு அமர்ந்திருப்பார். வானொலி இருந்த அதே இடத்தில் சிறிது நேரம் கைப்பேசி இருக்கும்.

பிறை இரவிலோ, பேத்தியின் கையில் செய்தி முந்திவிடுகின்றது. "மூத்தம்மா, பிறை கண்டாச்சாம்!" என்று அவள் கூவுகின்றாள். "யாரு சொன்ன?" என்பது மூத்தம்மாவின் முதற் கேள்வி. பேத்தி திரையைக் காட்டுகின்றாள். மூத்தம்மா அதனைப் பார்த்துவிட்டு, வானொலியின் திருகைச் சற்றுக் கூட்டி, தஸ்பீஹை மீண்டும் கையிலெடுக்கின்றாள். அறிவிப்பு வரும்வரை பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறுவதில்லை.